தர்பூசணித் தோட்டத்தில் ஒரு தசரா

மக்களே ஆதிரா, அபினேஷ்,

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஆதிரா வாசிக்கட்டும், அபினேஷ் கேட்கட்டும். நடுவில் அவன் எழுந்து ஓடினால் விட்டுவிடு. தேனீ கொட்டுகிற இடம் வந்தால் தானாகத் திரும்பி வருவான்.

விஜயதசமி சாயங்காலம் ஆதிரா முதல் முதலாக ஊரார் முன்னால் கம்பு சுற்றினாளே, அப்போது அப்பா ஏன் அங்கே இல்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். பஸ் ஏறிவிட்டேன் என்று சொன்னவர் பாதி வழியில் ஏன் இறங்கினார் என்றும் கேட்டீர்களாம். ஃபோனில் சொன்னால் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் இரண்டு வரியில் சொன்னால் அப்பா ஏதோ சாக்குப்போக்கு சொல்கிற மாதிரி இருக்கும். அதனால் முதலில் இருந்து எழுதுகிறேன். பத்தாவதோடு நிறுத்தியவன் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும்.

நம்ம ஊரில் ரப்பர் மரம் தளிர்த்துத் தேன் சுரக்கிற காலம் முடிந்தால் தேன்பெட்டிகளுக்கு வேலை கிடையாது. சீனிப்பாகு ஊற்றி உயிரோடு வைத்திருப்பதுதான். இந்தத் தடவை அந்தச் சும்மா இருக்கிற காலத்தில் பெட்டிகளை டெம்போவில் ஏற்றி மைசூர்ப் பக்கம் கொண்டுபோனேன். தேன் எடுப்பதற்காக இல்லை. காய் பிடிக்க வைப்பதற்காக.

நாம் தண்ணீர்மத்தன் என்று சொல்வோமே, அந்தத் தர்பூசணிக்கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவுக்கு அடியில் நெல்லிக்காய் அளவில், ரோமத்தோடு, ஒரு பிஞ்சு முன்பே இருக்கும். ஆண்பூவின் மஞ்சள் தூளைத் தேனீ சுமந்துகொண்டு வந்து பெண்பூவில் உதிர்த்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். ஒரு தடவை வந்தால் போதாது, திரும்பத் திரும்ப வர வேண்டும். இல்லாவிட்டால் காய் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சூம்பி, நசுங்கின குடம் மாதிரி ஆகிவிடும். இதில் கஷ்டம் என்னவென்றால், பூ திறந்திருப்பது ஒரே ஒரு காலைதான். மத்தியானம் மூடினால் மூடினதுதான்.

மைசூர் என்று சொன்னாலும் தோட்டம் ஊருக்குள் இல்லை. மைசூரில் இருந்து நஞ்சன்கூடு வழியாகக் கோயம்புத்தூர் போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே நடக்க வேண்டும். தோட்டக்காரர் பெயர் மாதப்பா. பிறந்தது ஹனூர்ப் பக்கம், மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழி. அதனால் கோயம்புத்தூர்க்காரர் மாதிரியே இழுத்துப் பேசுகிற தமிழ்.

டெம்போ போய் நின்றதும் வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "ஏனுங்க தேன்காரரே, இதுகளுக்குக் கன்னடம் தெரியுமுங்களா?"

"தமிழே தெரியாது அண்ணே."

"அப்பச் சரிங்க. எங்க ஆளுக மாதிரி நின்னு பேசிக்கிட்டே பொழுதை ஓட்டாதுக."

போன வருஷம் அவர் கூலிக்கு ஆள் விட்டு, ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவச் செய்திருக்கிறார். பாதிக் காய் கோணல். வியாபாரி பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். அதனால்தான் தேனீ. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். பூ முடிகிற வரைக்கும் நான் அங்கேயே தங்க வேண்டும். நம்முடைய அடுக்குத் தேனீ மனசு கெட்டுப்போனால் பெட்டியை விட்டுக் கூட்டமாகப் பறந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான், என்னால் மறுக்க முடியவில்லை.

தங்கினது மோட்டார் ரூமில். ஒரு கட்டில், ஒரு பல்பு, சுவரில் ஸ்விட்ச் போர்டு. பகலில் தேனீ இரைச்சல் துணைக்கு இருக்கும். சாயங்காலம் அவை பெட்டிக்குள் அடங்கி, மோட்டாரும் நின்றுவிட்டால், என் செருப்புச் சத்தம்தான் எனக்குக் கேட்கும். ஃபோன் சிக்னல் கிடைக்கத் தண்ணீர்த்தொட்டிச் சுவர்மேல் ஏறி நிற்க வேண்டும். அபினேஷ், நீ "அப்பா, ஏன் மூச்சு வாங்குது" என்று கேட்பாயே, அது அந்தச் சுவர் ஏறினதால்தான்.

சாப்பாடு மாதப்பாவின் வீட்டில் இருந்து வரும். அவர் வீட்டுக்காரம்மா சிவம்மா தூக்குப்பாத்திரத்தோடு வருவார். கேழ்வரகுக் களி, பந்து மாதிரி உருட்டினது, கூடவே கீரைச் சாறு. நான் மரச்சீனிக்கிழங்கைத் தின்கிற ஞாபகத்தில் களியை மெல்லப் பார்த்தேன்.

"அண்ணா, பல்லுக்கு வேலை குடுக்காதீங்க. அப்படியே முழுங்கோணும். மென்னா களி கோவிச்சுக்கும்."

விழுங்கினேன். மூன்றாம் நாள்தான் கோபம் தணிந்தது. மீன்குழம்பு இல்லாமல் ஒரு மனுஷன் இத்தனை நாள் இருக்க முடியும் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன்.

அந்த ஊரில் எதிரே வருகிறவர்கள், தெரியாதவர்கள்கூட, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். ஆயிற்று என்று சொன்னால் போதும், போய்விடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாரோடு சாப்பிட்டாய் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் போன இரண்டாம் நாள் ரம்யா ஸ்கூட்டரில் வந்தாள். மைசூர்ப் பெண். அவள் தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கலக்கிப் பேசுவாள். தேன்பெட்டிக்குக் கருவி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பெட்டிக்கு ஒன்றாக ஒரு கேமரா கொண்டுவந்திருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே வெயிலில் சார்ஜ் ஆகிற தகடு, நடுவில் பட்டாணி அளவு கண்ணாடி. பெட்டியின் வாசலுக்கு மேலே அதைத் திருகிவிட்டால், எத்தனை தேனீ வெளியே போகிறது, எத்தனை திரும்புகிறது, திரும்புகிறதன் காலில் என்ன நிறத்தில் பூந்தூள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். படம் அனுப்ப அங்கே சிக்னல் போதாது. எண்ணிக்கையை மட்டும் ஃபோனுக்கு அனுப்பும். நான் அதற்குக் கண் என்று பெயர் வைத்தேன்.

முதல் கண்ணைத் திருகும்போதே அவள் புருவத்தில் ஒரு கொட்டு விழுந்தது. (அபினேஷ், வந்துவிட்டாயா?) ஒரு கண் மூடிப்போய், மறு கண்ணால் பார்த்தே மிச்சம் அத்தனை பெட்டிக்கும் திருகினாள். "அங்கிள், மிஷினுக்குக் கண் வைக்க வந்தேன், என் கண் போச்சு" என்று சிரித்தாள்.

வேலை முடிந்து சொன்னாள். "இது கரெக்டா வொர்க் ஆச்சுன்னா, அடுத்த சீசன்ல நீங்க பாக்ஸை இறக்கிட்டு ஊருக்குப் போயிடலாம் அங்கிள். வீட்ல உக்காந்து ஃபோன்ல பாத்துக்கலாம். ஏதாவது தப்புன்னா மட்டும் வந்தாப் போதும்."

மாதப்பா கேட்டுக்கொண்டே நின்றார். "பார்க்கலாமுங்க. இந்தச் சீசன் முச்சூடும் சரியாச் சொல்லட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

மனுஷன் வேலைக்கு மிஷின் வருகிறது என்றால் எல்லாரும் பயப்படுவார்கள். நான் அன்றைக்கு மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டு, சாமி, இந்த மிஷின் ஜெயிக்கட்டும் என்று கும்பிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு மிஷினுக்காகக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே கண் ஒரு வேலை செய்தது. ரம்யா ஃபோனில் இரண்டு கோடு காட்டினாள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று மஞ்சள். ஆரஞ்சு நீளமாக இருந்தது. பக்கத்தில் ஒருவர் சூரியகாந்தி போட்டிருந்தார், அதன் தூள்தான் ஆரஞ்சு. நம்ம தேனீக்கள் மாதப்பாவின் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு அவருடைய பூவுக்கு வேலை செய்துகொண்டிருந்தன.

"வாடகை எங்கிட்ட, வேலை அவன்கிட்டயா?" என்றார் மாதப்பா.

அதற்கும் ரம்யா ஒரு வழி சொன்னாள். தர்பூசணிப் பூக்களைப் பறித்துச் சீனிப்பாகில் ஊறவைத்து வடிகட்டி, சாயங்காலம் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அந்த வாசனையோடு இனிப்பைக் குடித்த தேனீ, காலையில் அதே வாசனையைத் தேடிக்கொண்டு போகுமாம். நான் பாகு காய்ச்சினேன், சிவம்மா பூப் பறித்தார். நாலைந்து நாளில் மஞ்சள் கோடு நீண்டது, ஆரஞ்சு குறைந்தது. கோட்டை நம்பாமல் நானும் வாசல் பக்கத்தில் குந்தியிருந்து கண்ணால் பார்த்தேன். அது சொன்னதும் நான் பார்த்ததும் ஒத்துப்போயிற்று. ஒவ்வொரு நாள் ஒத்துப்போகும்போதும் எனக்கு வீடு கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருக்கும்.

தசரா வந்தது. மாதப்பாவே ஒரு நாள் சொன்னார். "தேன்காரரே, புள்ள கம்பு சுத்துதுன்னீங்களே. போயிட்டு வாங்க. நாலு நாள் மிஷினு பார்த்துக்கட்டும். அதுக்கும் ஒரு பரீட்சை வெச்ச மாதிரி ஆச்சுங்க."

அவருக்கு முன்னால் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்த்தொட்டிமேல் ஏறித்தான் உங்களுக்குச் சொன்னேன். ஆதிரா, நீ "நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டாய்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மைசூருக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் கோயம்புத்தூர் பஸ், அங்கிருந்து நாகர்கோவில் பஸ், விஜயதசமி காலையில் வீடு. அதுதான் கணக்கு. ஒரு ஹோட்டலில் மசால்தோசை சாப்பிட்டேன். தோசைக்குள்ளேயே சிவப்பாகச் சட்னி தடவிவிடுகிறார்கள். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும், எனக்குச் சாப்பாட்டு நடுவில் பாயசம் கொட்டின மாதிரி இருந்தது. உங்களுக்கு மைசூர்பாகு வாங்கிப் பையில் வைத்தேன்.

சாயங்காலம் அரண்மனை விளக்கு பார்க்கப் போனேன். இருட்டத் தொடங்கும்போது ஒரே நொடியில் அத்தனை பல்பும் எரிகிறது. கூட்டம் முழுக்க ஒரே குரலில் ஆ என்கிறது. நானும் ஆ என்றேன். என் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அபினேஷ், என் தோளில் நீ உட்கார்ந்திருந்தால் "அப்பா, கரண்ட் பில் எவ்வளவு வரும்?" என்று கேட்டிருப்பாய்.

அங்கே ஒரு குடும்பம் என்னிடம் ஃபோனைக் கொடுத்து எங்களை ஒரு போட்டோ எடுங்கள் என்று கேட்டது. தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள். எடுத்துக்கொடுத்தேன். அந்த அம்மா, "நீங்களும் நில்லுங்கண்ணா, உங்க ஃபோன்ல எடுத்துத் தர்றோம்" என்றார். நின்றேன். அவருடைய புருஷன் கையால் சைகை காட்டினார், இன்னும் நடுவுக்கு வாங்க என்று. தனியாக நிற்கிறவனுக்கு நடு எது? நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தப் போட்டோவை உங்களுக்கு அனுப்பவில்லை. பின்னால் விளக்கெல்லாம் நன்றாக விழுந்திருக்கிறது.

மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், எல்லாரையும் கீழே இறக்கினார்கள். ஆயுத பூஜை. முதலில் பஸ்ஸுக்குப் பூஜை, அப்புறம்தான் பயணம். முன்னால் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கச் செண்டுமல்லி மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஒரு தாத்தா கண்டக்டரிடம் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"போன வருஷம் பூஜை போடாமல் வண்டியை எடுத்தீர்கள். வழியிலே டயர் போயிற்று."

"பூஜை போடாததால் இல்லை தாத்தா, அது டயரில் ரப்பரே இல்லாததால்."

டிரைவர் பூசணிக்காயை உடைத்தார். ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கியருக்குப் பொட்டு, ஹாரனுக்குப் பொட்டு. மிச்சக் குங்குமத்தைக் கண்டக்டர் எங்கள் நெற்றியில் தடவினார். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பஸ் நஞ்சன்கூட்டை நெருங்கும்போது ரம்யா கூப்பிட்டாள்.

"அங்கிள், பாக்ஸ் ஒவ்வொண்ணா ஜீரோ காட்டுது."

"சிக்னல் போயிருக்கும் பிள்ளே."

"இல்ல அங்கிள். சிக்னல் வந்துதான் ஜீரோன்னு சொல்லுது. காலைல சூப்பரா இருந்துச்சு. அப்புறம் முதல் பாக்ஸ் ஜீரோ. அஞ்சு நிமிஷத்துல அடுத்தது. இப்படியே வரிசையா, ஒண்ணுகூட விடாம போயிட்டே இருக்கு."

"மாதப்பாண்ணனைக் கூப்பிட்டியா?"

"ரிங் போகுது, எடுக்கல. ஆன்ட்டியும் எடுக்கல. நான் போறேன், நீங்க பேஜார் பண்ணிக்காம ஊருக்குப் போங்க. ஆனா இங்க தசரா ரோடெல்லாம் ப்ளாக். போய்ச் சேர மதியம் ஆயிடும்."

மதியம் என்றால் பூ மூடிவிடும். அதைவிடப் பயம் வேறு. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்திருந்தால் வாசலில் குவியலாகச் செத்துக் கிடக்கும். கூட்டமாகக் கிளம்பியிருந்தால் பக்கத்து மரக்கிளையில் கொஞ்ச நேரம்தான் தொங்கும், அதற்குள் ஆள் இருந்து பிடித்தால் உண்டு. வரிசையாக ஒவ்வொரு பெட்டியாக அடங்குகிறது என்றால், ஏதோ ஒன்று அந்த வரிசையில் நடந்து போகிற மாதிரி இருந்தது.

வெளியே பார்த்தேன். தோட்டத்துக்குத் திரும்புகிற இடம் இன்னும் கொஞ்ச தூரத்தில் வந்துவிடும். ஊருக்குப் போகிற அதே ரோடு, அதே பஸ். உட்கார்ந்தே இருந்தால் ஆதிராவின் கம்பு. எழுந்தால் பெட்டி.

எழுந்தேன். கண்டக்டருக்குக் கோபம், பிறகு சிரிப்பு. கோயம்புத்தூர் டிக்கெட்டை வாங்கிவிட்டு இங்கே இறங்குகிறாயே, வீட்டுச் சாவியை மறந்துவிட்டாயா என்று கையைத் திருகிக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். மாலை போட்ட பஸ் கிளம்பிப் போயிற்று.

மண்ரோட்டில் பையோடு ஓடினேன். ஒருவர் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை.

தோட்டத்து வரப்பில் ஏறினதும் ஒன்றும் புரியவில்லை. தேன்பெட்டிகள் ஒவ்வொன்றும் கல்யாணப் பெண் மாதிரி நின்றன. ஒவ்வொன்றுக்கும் செண்டுமல்லி மாலை. இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் வாழைக்கன்று. மாதப்பா சட்டை இல்லாமல், பட்டை விபூதியோடு, உடைத்த பூசணிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சிவம்மா கடைசிப் பெட்டிக்கு முன்னால் தட்டோடு நின்றார். கேமராவின் கண்ணாடி மேல், சரியாக நடுவில், குழைத்த சந்தனத்தை அப்பி, அதன்மேல் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தினார். பிறகு ஒரு சிட்டிகை குங்குமத்தை வாசல் பலகைமேலும் தூவிக் கும்பிட்டார்.

என்னைப் பார்த்ததும், "ஏனுங்கண்ணா, பஸ்ஸு வல்லீங்களா?" என்றார்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டி வாசலைக் குனிந்து பார்த்தேன். தேனீக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலைக்கு அடியில் புகுந்து வெளியே வந்துகொண்டும் உள்ளே போய்க்கொண்டும் இருந்தன. என்ன, பாதித் தேனீ முதுகில் குங்குமம் ஒட்டிச் சிவப்பாக இருந்தது.

"ஃபோன் ஏன் எடுக்கலை அண்ணே?"

மாதப்பா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "ரெண்டு ஃபோனும் சாமிகிட்ட இருக்குதுங்க. அதுவும் ஆயுதந்தானுங்களே. பூசை முடியாம எடுக்கக் கூடாது."

சிவம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது மிஷின், தோட்டத்துக்கு நல்லது செய்கிற மிஷின். பொட்டு எங்கே வைப்போம்? முகத்தில்தான் வைப்போம். அந்தக் கருவியில் முகம் மாதிரி இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது, நேரம் எடுத்தது. ரம்யா வந்து சேரும்போது பூவெல்லாம் மூடியிருந்தது. அவளுடைய லேப்டாப் பையிலேயே ஒரு பொட்டு இருந்தது. நடந்ததைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க ஆபீஸ்ல காலைல எல்லா கம்ப்யூட்டருக்கும் நான்தான் அங்கிள் பொட்டு வச்சேன். இங்கயும் வைப்பாங்கன்னு தோணவே இல்ல."

"நான் வருஷா வருஷம் டெம்போ ஹெட்லைட்டில் வைக்கிறவன் பிள்ளே. எனக்கும்தான் தோணலை."

மாதப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஈ பறந்துக்கிட்டு இருக்கையில இல்லைன்னு சொல்லுதே. ஒரு பொட்டுக்கே பொய் சொல்ற மிஷினை நம்பி எப்படிங்க உடறது? இல்லீங்க தேன்காரரே, அடுத்த வருஷமும் நீங்க இங்கயே இருந்துருங்க."

அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் துடைத்த கேமராவையே மறுபடியும் துடைத்தேன்.

சிவம்மா திரும்பினார். "அதெங்க பொய் சொல்லிச்சு? தெரியலைன்னு சொல்லிச்சு. உங்க ரெண்டு கண்ணுலயும் சந்தனத்தை அப்பிட்டு, நான் எங்க நிக்கறேன்னு கேக்கட்டுங்களா?"

மாதப்பா பூசணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஊருக்குக் கிளம்பிப் பார்த்தேன். ரோட்டில் போய் நின்றேன். வழியில் இருக்கிற திம்பம் மலைப்பாதையை ராத்திரியில் அடைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் வந்த பஸ் இரண்டு. பண்டிகைக் கூட்டம், படியில் தொங்குகிறார்கள், இரண்டுமே நிற்கவில்லை. திரும்பி நடந்து தண்ணீர்த்தொட்டிமேல் ஏறி உங்களைக் கூப்பிட்டேன். ஆதிரா, நீ "சரிப்பா" என்று மட்டும் சொன்னாய். நீ அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

விஜயதசமி காலையில் தூக்கம் பிடிக்காமல் கொடிகளுக்கு நடுவே நடந்தேன். பூ விரிந்துகொண்டிருந்தது. தேனீயும் வந்துவிட்டது. ஒரு பெண்பூவைக் குனிந்து பார்த்தபோது அதன் நடுவில் சிவப்பாக ஏதோ இருந்தது. செம்பேன் பூச்சியோ என்று நினைத்து விரலால் தொட்டேன். குங்குமம். அடுத்த பூவிலும் பொட்டுப் பொட்டாகக் குங்குமம். வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தேன். குங்குமம் இன்னும் கிடந்த வாசல் பலகையில் மிதித்த காலோடும், தூள் ஒட்டின முதுகோடும் தேனீக்கள் எந்தெந்தப் பூவுக்குப் போயினவோ, அங்கெல்லாம் சிவப்பு. தைல மரம் நிற்கிற மூலையில் மட்டும் ஒன்றிலும் இல்லை.

ரம்யாவைக் கூப்பிட்டேன். லீவு நாளிலும் ஓடி வந்தாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தாள்.

"அங்கிள், நம்ம கண்ணு வாசலை மட்டும்தானே பாக்குது. எந்தப் பூவுக்குப் போச்சுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்காகக் கலர் பவுடர் தடவிப் பாக்கலாமான்னு ஆபீஸ்ல மாசக்கணக்கா பேசிட்டே இருக்கோம். ஆன்ட்டி போட்டே முடிச்சுட்டாங்க!"

மாதப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அவர் ஒவ்வொரு வரிசையிலும் குந்திக் குந்திப் பார்த்தார். சிவப்பு இருந்த பக்கம் முன்னமே பிடித்திருந்த பிஞ்சுகள் உருண்டையாக இருந்தன. தைல மரத்து மூலையில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. அந்த மூலையிலும் அடுத்த தடவை இரண்டு பெட்டி வைக்க வேண்டும் என்று அவரே குச்சி நட்டார்.

"அப்ப மிஷினு காட்டுன மஞ்சக்கோடு நெசந்தானுங்க" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார், நின்றார். "சரிங்க தேன்காரரே. அடுத்த வருஷம் பெட்டிய எறக்கீட்டு நீங்க வீட்டுக்குப் போங்க. மிஷினு சொன்னா கூப்பிடறேன். ஆனா ஒண்ணு, ஆயுத பூசையன்னிக்குப் பொட்டு வெக்காம எங்களால இருக்க முடியாதுங்க."

"வையுங்க அண்ணே" என்றேன்.

சாயங்காலம் அம்மா அனுப்பின வீடியோ வந்து சேர்ந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்ததால், ஆதிரா, நீ கம்பைச் சுற்றுவாய், அப்படியே நிற்பாய், மறுபடி சுற்றுவாய். கடைசியில் கும்பிடும்போது கூட்டத்தில் யாரையோ தேடின மாதிரி இருந்தது. அபினேஷ் பக்கத்தில் கைதட்டுகிற சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. தொட்டிச் சுவர்மேல் நின்று மூன்று தடவை பார்த்தேன். உங்கள் மைசூர்பாகைச் சிவம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வரும்போது வேறு வாங்கி வருவேன்.

மாதப்பாவும் சிவம்மாவும் நஞ்சன்கூடு கோயிலுக்குப் போயிருந்தார்கள். தோட்டத்தில் யாரும் இல்லை. தேனீக்கள் அடங்கும்வரை காத்திருந்தேன். பெட்டிகளுக்கு நம்பர் எழுதக் கொண்டுவந்திருந்த மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, முதல் பெட்டியில் இருந்து கடைசிப் பெட்டி வரை, ஒவ்வொன்றின் நெற்றியிலும், கேமராவுக்கு ஒரு சாண் மேலே, ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டேன். காயட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சிவம்மா விட்டுப்போன தட்டில் இருந்து குங்குமம் எடுத்து, முதல் பெட்டியின் வட்டத்துக்குள் கட்டைவிரலால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மறையவில்லை.